எஞ்சினுக்கு வாரன்டி தேதி தெரியாது

போன ஞாயிற்றுக்கிழமை காலை ரேஸ் கோர்ஸ் நடை முடிந்து வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஐந்து பேர். ஐந்து பேருக்கும் சேர்த்து வயது முந்நூற்றைம்பதைத் தாண்டும். பேச்சு சர்க்கரை, முட்டி வலி, அமெரிக்காவில் இருக்கும் பேரன் என்று சுற்றிவிட்டுக் காரில் வந்து நின்றது. வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. மகன் வெளிநாடு போகும்போது விட்டுச் சென்ற ஜெர்மன் காரை வைத்திருக்கிறார். ஏழு வயதுக் கார்.

"வாரன்டி முடிஞ்சு மூணு வருசம் ஆச்சுங்க. இனி எதுக்குங்க அந்தக் கம்பெனி சொன்ன ஆயிலு? நம்ம பட்டறைக்காரர் பேரல்ல இருந்து ஊத்துறாரு. பாதி வெலை. வண்டி கிண்ணுன்னு ஓடுது" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர், "அதெல்லாம் கம்பெனிக்காரன் காசு புடுங்கற வேலைங்க" என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. சேரன் போக்குவரத்துக் கழகத்தில் 1976-ல் சேர்ந்து, கழகத்தின் பெயர் மாறிய பிறகும் அதே டிப்போவில் எஞ்சின்களோடு காலம் தள்ளி, 2008-ல் ஓய்வு பெற்றவன் நான். ஆயில் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் பேசவில்லை. ஏனென்றால் நண்பர் சொன்ன அதே வார்த்தைகளை நானே ஒரு காலத்தில் இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு விலை கொடுத்தவர் என் சகலை. அன்று பெஞ்சில் விழுங்கியதை இங்கே எழுதிவிடுகிறேன். நண்பரும் இதைப் படிப்பார். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வாரன்டி முடிந்துவிட்டால் எந்த ஆயிலும் போதும் என்பது தலைகீழான கணக்கு. வாரன்டி இருக்கும்போது எஞ்சினுக்கு ஏதாவது ஆனால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். அது முடிந்த மறுநாளில் இருந்து ஒவ்வொரு நட்டும் போல்ட்டும் நம் பென்ஷன் பணத்தில் இருந்துதான். கவனமாக இருக்க வேண்டிய காலம் அப்போதுதான் தொடங்குகிறது. நாமோ அன்றைக்குத்தான் கவனத்தைக் கழற்றி வைக்கிறோம்.

இந்தக் "கம்பெனி சொன்ன ஆயில்" என்பது என்ன என்பதிலேயே பாதிக் குழப்பம். கார் கம்பெனி தன் முத்திரையைக் குத்தி ஷோரூமில் விற்கிற டப்பா என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கார் கம்பெனி ஆயில் காய்ச்சுவதில்லை. ஆயில் கம்பெனிதான் ஒரு கலவையைத் தயாரித்து, கார் கம்பெனி வகுத்த சோதனைகளுக்கு அதை உட்படுத்துகிறது. எஞ்சினைச் சோதனை மேடையில் நாள்கணக்காக ஓட்டிவிட்டுப் பிரித்துப் பார்க்கிறார்கள். கேம் எவ்வளவு தேய்ந்தது, பிஸ்டனில் எவ்வளவு கரி படிந்தது, சம்பில் சேறு கட்டியதா, ரப்பர் சீல்கள் உப்பினவா சுருங்கினவா. தேறினால் ஓர் எண்ணின் கீழ் அந்த ஆயிலுக்கு அங்கீகாரம் கிடைக்கும். ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துக்கு 502 00, 504 00, 505 01, 507 00 என்று எண்கள். மெர்சிடிஸுக்கு 229.3, 229.5, 229.51. பி.எம்.டபிள்யூவுக்கு லாங்லைஃப்-01, லாங்லைஃப்-04. காரின் கையேட்டில் இந்த எண் இருக்கும். ஆயில் டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்திலும் இருக்கும்.

டப்பாவின் முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கும் 5டபிள்யூ-40, 15டபிள்யூ-40 எல்லாம் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதை மட்டுமே சொல்லும். நம் ஊரில் அதையே தரம் என்று எடுத்துக்கொள்கிறோம். சட்டையின் அளவு 40 என்றால் துணி பருத்தியா பாலியஸ்டரா என்று அதில் எங்கே தெரிகிறது? மில் ஊரில் இருந்துகொண்டு இதை நான் விளக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அம்பாசடரும் பத்மினியும் ஓடிய நாளில் 20டபிள்யூ-50 வாங்கி ஊற்றினோம், ஓடியது. பிறகு வந்த ஜப்பான் வழிக் கார்களுக்கும் கெட்டித்தன்மையும் ஏ.பி.ஐ. தரமும் பார்த்தாலே போதும். என் வீட்டு வாசலில் நிற்கும் பழைய மாருதிக்கு இன்றும் அவ்வளவுதான் பார்க்கிறேன், அதன் கையேடு அதற்கு மேல் கேட்கவில்லை. ஐரோப்பியக்காரர்கள் வேறு மாதிரி. பொதுவான தரத்துக்கு மேல், அவரவர் எஞ்சினுக்கென்று தனிச் சோதனை வைத்திருக்கிறார்கள். மாருதிக்குக் கற்ற பாடத்தை அப்படியே அங்கே கொண்டு போவதில்தான் கோளாறு.

இனி சகலை கதை.

2011-ல் அவர் நான்கு வயதான ஓர் ஐரோப்பிய டீசல் காரைப் பழையதாக வாங்கினார். மில்லில் விருப்ப ஓய்வு வாங்கிய பணத்தில் மிச்சம் இருந்தது. வாழ்நாளில் ஒரு நல்ல கார் ஓட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. காரின் பெயர் வேண்டாம், நடந்த தப்புக்கும் அந்தக் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை. முதல் ஆயில் மாற்றும் நாள் வந்தது. கையேட்டோடு என்னிடம் வந்து, "அண்ணா, இதுல 505 01-னு போட்டிருக்கு. அந்த ஆயிலு ரொம்ப வெலை சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார்.

நான் கையேட்டை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "ஏம்ப்பா, அம்பது பேரை ஏத்திக்கிட்டு பஸ்ஸு ஊட்டி மலை ஏறுது. அதுக்கு ஊத்தற ஆயிலு உன் காருக்கு ஆகாதா? பதினஞ்சு-நாப்பது வாங்கி ஊத்து. வாரன்டியா இருக்குது, பயப்படறதுக்கு?" என்றேன். டிப்போக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் போய்விட்டார்.

மூன்று வருடம் வண்டி கிண்ணென்றுதான் ஓடியது. 2014-ல் காலையில் எஞ்சின் போட்டதும் டிக் டிக் என்று ஒரு சத்தம். பிறகு மேட்டில் இழுவை குறைந்தது. புகை வந்தது. பட்டறையில் மேல் மூடியைக் கழற்றினார்கள், நானும் கூட நின்றேன். கேம்ஷாஃப்ட்டின் இரண்டு கேம்கள் விளிம்பு மழுங்கிக் கூம்பாகிப் போயிருந்தன. அவற்றின் கீழ் இருந்த டேப்பட் ஒன்றில் தேய்ந்து தேய்ந்து ஓட்டையே விழுந்திருந்தது. மெக்கானிக் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன ஆயில் ஊத்தினீங்க சார்?" என்று கேட்டார். சகலை என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி, "ஏதோ பதினஞ்சு-நாப்பதுங்க" என்றார். செலவு எண்பத்து நாலாயிரம் ரூபாய்.

அன்று இரவுதான் அந்தக் கையேட்டை வாங்கி வந்து படித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது. அந்த எஞ்சினில் டீசலைத் தெளிக்கத் தனியாக ஒரு பம்ப் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் பம்ப்பும் இன்ஜெக்டரும் ஒன்றாகச் சேர்ந்த ஓர் அமைப்பு. ஜெர்மன் மொழியில் பும்ப-டூசே என்பார்கள். அதை அழுத்துவதும் கேம்ஷாஃப்ட்தான். உள்ளே அழுத்தம் 2,000 பார் வரை போகும் (நம் கார் டயரில் இருக்கும் காற்று இரண்டு பார் சொச்சம்). இந்தக் கூடுதல் கேமுக்கு இடம் கொடுத்ததில், வால்வைத் தள்ளும் கேம்கள் ஒல்லியாகிவிட்டன. ஒல்லியான கேம் என்றால் சுமை முழுவதும் குறைந்த பரப்பின் மேல் விழும். அந்த இடத்தில் உலோகமும் உலோகமும் உரசாமல் காக்க ஆயிலில் என்ன வேண்டும் என்று சோதித்துத்தான் 505 01 என்ற எண்ணையே வைத்தார்கள். சரியான ஆயில் ஊற்றியும் தேய்ந்துபோன கேம்கள் உண்டு, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சமாதானம் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, நான் கையேட்டையே திறக்கவில்லையே.

பஸ்ஸுக்கு ஊற்றிய ஆயில் மட்டமான ஆயில் என்று சொல்ல வரவில்லை. பஸ்ஸுக்கு அது பொருத்தமான ஆயில். எங்கள் லேலண்ட் எஞ்சின் நிதானமாகச் சுற்றும், கேம்கள் தடிமன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டீசலில் கந்தகம் நூற்றில் ஒரு பங்கு வரை இருக்க அனுமதி உண்டு, பத்து லட்சத்தில் பத்தாயிரம். அதில் இருந்து வரும் அமிலத்தை முறிப்பதே அந்த நாள் ஆயிலுக்குப் பெரிய வேலை. 2020 ஏப்ரலில் இருந்து நாடு முழுவதும் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். எரிபொருளும் மாறிவிட்டது, எஞ்சினும் மாறிவிட்டது. என் ஞானம் மட்டும் டிப்போ வாசலிலேயே நின்றிருந்தது.

பெஞ்சில் கேட்ட மற்ற வாதங்களையும் பார்த்துவிடலாம்.

"எல்லா ஆயிலும் ஒரே ரிஃபைனரியில் இருந்துதானே வருது?" பாதி உண்மை. நம் மணலி ஆலையிலேயே ஆயிலுக்கான அடிப்படை எண்ணெய் எடுக்கிறார்கள். அதை யாரும் வாங்கலாம். ஆனால் அதில் சேர்க்கும் சரக்குதான் ஆயில். தேய்மானம் தடுக்கும் துத்தநாகக் கலவை, அழுக்கைக் கழுவுவது, கரியைப் படியவிடாமல் மிதக்க வைப்பது, சூட்டில் நீர்த்துப் போகாமல் பார்ப்பது என்று பலதும் அதில் உண்டு. ஒரே அரிசியில் இட்லியும் ஆகும், கஞ்சியும் ஆகும்.

"நம்மூர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி." இதை நானும் முப்பது வருடம் சொன்னேன். எஞ்சின் சூடேறிய பிறகு தெர்மோஸ்டாட் அதைத் தொண்ணூறு டிகிரி வாக்கில் வைத்திருக்கும். வெளியே நீலகிரிக் குளிரா கரூர் வெயிலா என்பது ஆயிலுக்கு அவ்வளவாகத் தெரியாது. விடியற்காலையில் எஞ்சின் போடும் முதல் சில நொடிகள்தான் ஆபத்து. கெட்டி ஆயில் மேலே ஏற நேரம் எடுக்கும். அதற்குள் டர்போ சுற்றத் தொடங்கியிருக்கும். முழு வேகத்தில் அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகிற சாமான்.

"ஆயில் கறுத்தாத்தான் மாத்தணும், நான் விரல்ல தொட்டுப் பார்த்தே சொல்லிருவேன்." டீசல் வண்டியில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் தாங்கிப் பிடிக்கிறது, அது அதன் வேலை. விரலுக்கு இதெல்லாம் தெரியாது. என் விரலுக்கும் தெரியாது.

"அங்கீகாரம் இல்லாததிலயும் நல்ல ஆயிலு இருக்குதுங்க." இருக்கலாம். சோதனைக்கும் அனுமதிக்கும் பணம் ஆகும் என்பதால் சின்னக் கம்பெனிகள் போகாமல் விட்டிருக்கலாம், சரக்கு அருமையாகவே இருக்கலாம். இந்த 'லாம்' எல்லாவற்றையும் என் எஞ்சினில் ஊற்றி நான்தான் சோதித்துப் பார்க்க வேண்டுமா? அவர்கள் சோதனை மேடையில் செலவழிக்காததை சகலை எண்பத்து நாலாயிரமாகச் செலவழித்தார்.

துகள் வடிகட்டி உள்ள டீசல் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். வடிகட்டியில் சேரும் கரி எரிந்துவிடும். ஆயிலில் இருந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கும். அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயிலுக்குத் தனி எண்கள்: 507 00, 229.51 போன்றவை. பேரல் ஆயில் ஊற்றி அடைத்துக்கொண்டால் அந்த வடிகட்டியின் விலையைக் கேட்டுப் பாருங்கள், உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்.

விலை கூடியது எல்லாம் மேல் என்று ஓடவும் கூடாது. பெட்ரோல் எஞ்சின்களுக்கு லாங்லைஃப்-04 ஆயிலை ஐரோப்பாவுக்கு வெளியே பி.எம்.டபிள்யூவே அனுமதிக்காமல் வைத்திருந்தது, வெளிநாட்டுப் பெட்ரோலின் தரம் காரணம். ஃபோக்ஸ்வாகனின் 508 00 என்ற புதிய ஆயில் பச்சை நிறத்தில், தண்ணீர் போல இருக்கும். விலையும் அதிகம். அதைப் பழைய எஞ்சினில் ஊற்றக் கூடாது. அதேபோல், ஐரோப்பாவில் ஒரே ஆயிலில் 30,000 கிலோமீட்டர் வரை ஓட்டுகிறார்களாம் என்று இங்கே யாரும் முயற்சி செய்ய வேண்டாம். காந்திபுரம் சிக்னலில் நிற்கும் நேரமெல்லாம் கிலோமீட்டரில் ஏறுவதில்லை. வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள், ஓடியது நாலாயிரம் கிலோமீட்டர் என்றாலும்.

இதைப் படித்துவிட்டு ஷோரூம்காரர்கள் யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். வாரன்டி முடிந்த பிறகும் எங்களிடம்தான் ஆயில் வாங்க வேண்டும் என்று பயமுறுத்துகிறவர்களும் அதே பொய்யின் மறுபக்கம்தான். அந்த எண் ஷோரூமின் சொத்து இல்லை. அதே அங்கீகாரம் உள்ள ஆயில் வெளிக்கடையில் சீல் வைத்த டப்பாவில் கிடைக்கிறது, விலையும் குறைவு. மெர்சிடிஸ் அங்கீகரித்த ஆயில்களின் பட்டியலை அந்தக் கம்பெனியே இணையத்தில் வெளியிட்டு வைத்திருக்கிறது, பேரனைத் தேடிக் காட்டச் சொல்லுங்கள். வாங்கிப் போய் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கொடுத்து, கண் முன்னால் ஊற்றச் சொல்லி, காலி டப்பாவை வீட்டுக்கு எடுத்து வந்து ஓட்டை போட்டு எறியுங்கள். நல்ல கம்பெனியின் காலி டப்பாவில்தான் போலிக்காரன் ஊற்றி விற்கிறான்.

டப்பாவில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு. 'அப்ரூவ்டு' அல்லது 'அப்ரூவல்' என்று எண்ணோடு போட்டிருந்தால் சோதனை நடந்திருக்கிறது. 'மீட்ஸ்', 'சூட்டபிள் ஃபார்', 'ரெகமண்டட் ஃபார்' என்று போட்டு அதே எண்ணைப் போட்டிருந்தால், ஆயில் கம்பெனி தனக்குத் தானே சான்றிதழ் எழுதிக்கொண்டிருக்கிறது. "பி.இ. பட்டத்துக்கு நிகரான அறிவு உண்டு" என்று விண்ணப்பத்தில் எழுதி வருகிறவனை டிப்போவில் வேலைக்கு எடுப்போமா?

பணத்துக்கு வருகிறேன், பெஞ்சில் அதுதானே கேள்வி. நான் விசாரித்த கடையில் சாதா ஆயிலுக்கும் அங்கீகாரம் பெற்ற ஆயிலுக்கும் லிட்டருக்கு நானூறு ரூபாய் வித்தியாசம். நாலு லிட்டருக்கு ஆயிரத்து அறுநூறு. வருடத்துக்கு ஒரு முறை. மாதத்துக்கு நூற்று முப்பத்து சொச்சம். நாம் ஐந்து பேரும் நடை முடிந்து ஒரு நாள் காபி குடித்து, ஆளுக்கொரு வடை தின்றால் ஆகிற காசு. இதை மிச்சம் பிடிப்பதற்குச் சிக்கனம் என்று பெயர் வைப்பது வங்கியில் இருந்தவருக்கு அழகா? அவர் காரின் எஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதை அவரே கூட்டிப் பார்க்கட்டும்.

சகலை அந்தக் காரைச் சரிசெய்தார், ஆனால் மனசு விட்டுப் போய் 2015-ல் விற்றுவிட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. கொழுந்தியாதான் ஒரு விசேஷத்தில் யாரிடமோ, "மாமா சொன்னாருன்னு ஊத்தினோம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. குற்றம் சொல்லும் குரலில்கூட அவர் அதைச் சொல்லவில்லை.

போன மாதம் சகலை வீட்டுக்கு வந்திருந்தார். அவர் மகன் பழைய போலோ ஒன்றை வாங்கியிருக்கிறானாம். பெட்ரோல் வண்டி, வாரன்டி எப்போதோ முடிந்துவிட்டது. பையில் இருந்து கையேட்டை எடுத்து நீட்டினார். "அண்ணா, என்ன ஆயிலுன்னு நீங்க சொல்ல வேண்டாம். இதுல என்ன போட்டிருக்குதுன்னு படிச்சு மட்டும் சொல்லுங்க. கண்ணாடியை மறந்து வெச்சிட்டு வந்துட்டேன்" என்றார்.

பக்கத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன். 502 00. என் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.